பகலில் எடுக்கலாம்

ஐயா,
தங்கள் வக்கீல் அறிவிப்பை
வண்ணார்பேட்டைக் கடையில்
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
நான்கு பக்கம். மூன்று தடவை படித்தேன்.
எனக்குப் புரிந்த அளவில்:

கொக்கிரகுளத்து ஆற்றோரம் நிற்கும் ஒளிக்கோபுரத்தைப்
பகலில் யாரும் படம் எடுக்கலாம்.
ஆறே முக்காலுக்கு விளக்கைப் போட்ட நொடியில்
அது கலைப்படைப்பு.
அந்த நீலமும், நீலம் ஏறி இறங்கும் விதமும்
சென்னையில் இருக்கும் உங்கள் கட்சிக்காரருடையவை.
கண்ணால் பார்ப்பதற்குத் தடையில்லை என்று
பெரிய மனசோடு எழுதியிருக்கிறீர்கள்.

நான் கல்யாண வீட்டுப் படக்காரன்.
என் பிழைப்பில் பாதி சாயங்காலம்.
மாப்பிள்ளை தூத்துக்குடியில் உப்பளத்துக் கணக்கு,
பொண்ணுக்குக் குறிச்சி.
சுலோச்சன முதலியார் பாலத்துக் கைப்பிடியில் சாயச் சொல்லி
பின்னால் கோபுரம் வருகிற மாதிரி எடுத்தேன்.
(அந்தப் பாலம் கட்டினவர்
கைக்காசைப் போட்டுக் கட்டினதாகப் பேச்சு.
அவர் பேரில் கடிதம் ஒன்றும் இதுவரை வரவில்லை.)
அதை என் கடைத் தட்டியில் உங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள்.
தட்டியை அன்றைக்கே இறக்கிவிட்டேன்.
இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது,
முகம் கீழாக.

ஆல்பத்திலும் அழிக்க வேண்டும் என்றீர்கள்.
மூன்று ராத்திரி உட்கார்ந்தேன்.
கோபுரத்தை அழிப்பது லேசு இல்லை, ஐயா.
பொண்ணின் பிச்சிப்பூவுக்கு நடுவில்
ஒரு துண்டு நீலம் மாட்டிக்கொண்டு வராது.
மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியில்
குட்டிக் குட்டியாய் இரண்டு கோபுரம்;
கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் கண்ணும் போய்விடும்.
துடைத்த இடத்தில் ஒட்ட
பணகுடிப் பக்கம் எப்போதோ எடுத்த வெறும் வானம் கைவசம் இருந்தது.
அதற்கு யாரும் சொந்தம் கேட்கவில்லை.

ஐம்பத்தேழாவது படம்தான் சிக்கல்.
படித்துறைக்கு இறங்கி எடுத்தது.
பொண்ணுக்கு அப்பா, சப்பாணிமுத்து என்று பேர்,
வேட்டி மடிப்புக் கலையாமல் நின்று
கையை நீட்டிக் காட்டுகிறார்.
எடுக்கும்போதே சொன்னார்:
"பாய், மேலேயிருந்து நாலாவது வரிசை தெரியுதுல்லா,
அது நான் மாட்டுனது.
சாரத்துல தொங்கிக்கிட்டு பதினோரு நாளு.
எம் மவ கல்யாணப் படத்துல அது வரணும்."
அந்த இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, ஐயா.

கோபுரத்தை எடுத்தபின்
மனுசன் பணகுடி வானத்தைப் பார்த்து
விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்,
பிள்ளைக்குக் காக்கா காட்டுகிறவர் மாதிரி.

ஆல்பம் வாங்க வந்தவர்
அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.
நான் உங்கள் அறிவிப்பை எடுத்து நீட்டினேன்.
"இதுல எம் பேரு எங்கயாவது இருக்கா?"
இல்லை என்றேன்.
"அப்ப எனக்கு வந்த கடுதாசி இல்லை"
என்று திருப்பிக் கொடுத்தார்.
பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டி,
படத்தின் கீழ்மூலையில் விரலை வைத்தார்.

ஆற்றை நான் கவனிக்கவில்லை.

அமலைச் செடிக்கு நடுவே
ஒரு பாய் விரிக்கிற அளவு தண்ணீர்.
அதில் தலைகீழாய், துளி குறையாமல்
அத்தனை நீலமும்.
அவர் இப்போது அடியிலிருந்து எண்ணினார்.
ஒன்று. ரெண்டு. மூணு.
நாலாவதில் விரல் நின்றது.

அந்த மூலையை மட்டும் பெரிதாக்கித்
தேக்கில் சட்டம் போட்டுத் தரச் சொல்லி
இருநூறு ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார்.
வாங்கிவிட்டேன்.

தண்ணீர் யார் கணக்கில் வரும் என்று
உங்கள் நான்கு பக்கத்திலும் தேடினேன்.
காணவில்லை. தெரிந்தால் எழுதவும்.
வியாழக்கிழமைக்குள் எழுதினால் நல்லது,
வெள்ளிக்கிழமை அவர் வருகிறார்.

இப்படிக்கு,
மு. காஜா நஜ்முதீன்

இணைப்பு: ஏதுமில்லை